என் புத்தகத்துக்கு எதிராக ஒரு தீர்ப்பு

“அன்ரி, இந்த ரெண்டு பேரும் நீங்கள்தானோ, இல்லாட்டி வேற வேற ஆக்களோ?” என்று கேட்டபடி துஷ்யந்தி ஒரு தாளை என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பாரிசின் லா சப்பலில், மெத்ரோ பாலத்துக்கு எதிரே உள்ள ஓர் உணவகத்தின் மேல்மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஏழெட்டு இளம் சட்டத்தரணிகள் கூடுவார்கள். எல்லாரும் நம் பிள்ளைகள். பாதிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள். கனடாவில் மேன்முறையீட்டு நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தி பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் மகளுடன் வந்து இருக்கிறாள் என்று எப்படியோ கேள்விப்பட்டு என்னையும் கூப்பிடத் தொடங்கினார்கள். நானும் வடைக்காகவே போவேன்.

அந்தத் தாள் கணினி கொடுத்த பதில். இப்போது எந்தச் சட்டக் கேள்வியைக் கேட்டாலும் நொடியில் நூல்களையும் தீர்ப்புகளையும் தேடிக் கொண்டுவந்து கொட்டும் செயலிகள் வந்துவிட்டன. துஷ்யந்தி கனடாவின் மேன்முறையீட்டுக் காலக்கெடுபற்றி ஏதோ கேட்டிருக்கிறாள். நூலாசிரியர் ஒருவர் இப்படிச் சொல்கிறார், அதே பெயருள்ள நீதிபதி ஒருவர் அதற்கு நேரெதிராகச் சொல்கிறார், இருவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்று அது பதில் சொல்லியிருந்தது.

எனக்கு வந்த சிரிப்பில் வடை தொண்டையில் சிக்கியது. தண்ணீர் குடித்து மூச்சு வந்த பிறகு, “ரெண்டு பேரும் நான்தான் பிள்ளை,” என்றேன்.

“அப்ப எது சரி?”

“இருந்து கேளுங்கோ, சொல்லுறன்.”

அன்று அவர்களுக்கு முன்னும் பின்னுமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நான் பாரிசுக்கு வந்தது இருபதாவது வயதில், அண்ணைக்குப் பின்னால். அண்ணை ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தார். நான் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் கையில் இருந்த கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. “நீ படி. வெங்காயம் உரிக்க இந்தக் குடும்பத்திலை நான் ஒருத்தன் காணும்,” என்றார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

என் பிரெஞ்சு அப்போது கால் ஊனமுற்ற பிரெஞ்சு. அதைத் திருத்துவதற்காக, வகுப்பு இல்லாத நாட்களில் நீதிமன்றங்களின் பார்வையாளர் வாங்கில்களில் போய் உட்கார்ந்திருப்பேன். ஒருவரும் காசு கேட்க மாட்டார்கள், குளிர்காலத்தில் சூடும் உண்டு. அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களின் மேன்முறையீட்டைக் கேட்கும் மன்றம் ஒன்று எனக்குப் பிடித்துப்போனது, அங்கே சில நாட்களில் தமிழும் கேட்கும்.

ஒரு நாள் வடமராட்சியைச் சேர்ந்த ஒருவரின் வழக்கு. நாற்பது வயதிருக்கும், கடன் வாங்கிய கோட் போட்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர், நல்ல மனிதர், பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர் போல ஓடும். வந்தவர் சொன்னார்: “காலமை ஏழு மணிக்கு வெளிக்கிட்டனான். ஏழரைக்கு வீட்டுக்கை வந்து பிடிச்சவை.”

மொழிபெயர்ப்பாளர் அதை, “காலை ஏழு மணிக்கு நான் வெளியே போனேன். ஏழரைக்கு வீட்டுக்குள் வந்து என்னைப் பிடித்தார்கள்,” என்று பிரெஞ்சில் சொன்னார்.

தலைமை தாங்கிய வெள்ளைத் தலைமுடி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “ஏழு மணிக்கு வெளியே போனவர் ஏழரைக்கு எப்படி வீட்டுக்குள் இருந்தார்?”

கேள்வி தமிழில் வந்தபோது அந்த மனிதருக்கு அது விளங்கவேயில்லை. “ஓம், வெளிக்கிட்டனான்தானே. வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கேக்கை வந்திட்டினம்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் திரும்பச் சொல்லச் சொல்ல, பொய்யைப் பிடித்துத் தொங்குபவர் போலவே தெரிந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“உட்காருங்கள், மத்மொசெல்,” என்றார் அந்த அம்மா.

உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். இந்த முறை, “அது என் ஊர்ப் பேச்சு, மதாம்!” என்று சத்தமாக வந்துவிட்டது.

என்னை வெளியே அனுப்பியிருக்கலாம். அந்த அம்மா அனுப்பவில்லை. மொழிபெயர்ப்பாளரைத்தான் முதலில் பார்த்தார். அவர் கொஞ்சமும் கோபப்படாமல், “எங்கள் பக்கத்தில் அதற்கு வெளியேறுவது என்றுதான் பொருள் கொள்வோம். அவர்கள் பக்கத்தில் எப்படியென்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணைக் கேளுங்கள்,” என்றார். அந்தக் கடைசி வசனத்துக்காக இன்றும் அவரை நினைப்பேன்.

முன்னால் வரச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் வெளிக்கிடுவது என்றால் முகம் கழுவி, தலை இழுத்துச் சீவி, சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டு, புறப்பட ஆயத்தமாவது என்று விளக்கினேன். ஆள் இன்னும் வீட்டுக்குள்தான் நிற்பார் என்றேன். எழுதுநர் ஒவ்வொரு சொல்லாகப் பதிந்தார். சாரம் என்பதை எப்படி எழுதுவது என்று இரண்டு தரம் கேட்டார்.

மூன்று கிழமைக்குப் பிறகு அந்த மனிதருக்குத் தஞ்சம் கிடைத்தது. விசாரணை நடந்த அன்று அமர்வு முடிந்ததும் தாழ்வாரத்தில் அந்த அம்மா என்னை நிறுத்தி, “நீங்கள் எழுந்தது பிழை. எழாமல் விட்டிருந்தால் நான் பிழை விட்டிருப்பேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நீதிபதியாக வேண்டும் என்று முதன்முதலில் நினைத்தது அந்தத் தாழ்வாரத்தில்தான். அண்ணையிடம் சொன்னேன். “முதல்லை சாப்பிடு,” என்றார்.

அடுத்த பதினைந்து இருபது வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொன்றியாலில் வெப்பமூட்டிகள் திருத்தும் பரமநாதன் என்பவரைக் கலியாணம் செய்து கனடா போனேன். அங்கே கலாநிதிப் பட்டம், சட்டத்தரணிப் பரீட்சை (ஒரு தரம் தவறி, மறுதரம் தேறினேன்), பிறகு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், பேராசிரியர். நடுவில் ஒரு மகள். என் துறை மேன்முறையீட்டு நடைமுறை. விருந்துகளில் அதைச் சொன்னால் எதிரே இருப்பவர் உடனே வேறு ஆளைத் தேடுவார். அதைப்பற்றி அறுநூற்று நாற்பது பக்கத்தில் ஒரு நூல் எழுதினேன். சட்டத்தரணிகள் அதை நம்பினார்கள், நீதிபதிகள் மேற்கோள் காட்டினார்கள். என் மகள் தன் கணினித் திரையை உயர்த்தி வைக்க அதைப் பயன்படுத்தினாள்.

அந்த நூலின் 212ஆம் பக்கத்தில் ஒரு வசனம் இருந்தது. அதை எழுதிய அன்று எனக்கு என்மேலேயே பெருமை. விஷயம் இதுதான்: தீர்ப்பு வந்து முப்பது நாட்களுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும். அது தவறினால், ஆறு மாதத்துக்குள் வந்து, முன்னரே வர “இயலாமல் இருந்தது” என்று காட்டினால் மட்டும் நீதிமன்றம் அனுமதி தரலாம். அந்த “இயலாமல்” என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? நான் எழுதினேன்: மயங்கிக் கிடப்பதும் வெள்ளத்தில் அகப்படுவதும் இயலாமை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தொலைபேசி இருக்கும் ஒருவர் இயலவில்லை என்று சொல்ல முடியாது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுவார்கள். நானும் முழுப் புள்ளி போடுவேன்.

பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நீதிபதியாக அழைப்பு வந்தது. புதன் மாலையில் ஒரு வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போனேன்.

எங்கள் அமர்வில் மூன்று நீதிபதிகள். தலைமை தாங்கியவரை இங்கே பெல்மார் என்று அழைக்கிறேன். ஆறடிக்கு மேல் உயரம், குரல் மட்டும் மெல்லியது. நீதிமன்றம் தொடங்க அரை மணி நேரத்துக்கு முன் வந்து, ஒருவருமில்லாத மண்டபத்தில் வழக்காளியின் கதிரையில் உட்கார்ந்து மேடையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் அதைக் கண்டு நான் பயந்துபோனேன், ஆளுக்கு ஏதும் சுகமில்லையோ என்று. “இங்கேயிருந்து பார்த்தால் நாங்கள் எவ்வளவு உயரம் என்று நீங்களும் ஒரு தரம் பாருங்கள்,” என்றார். உட்கார்ந்து பார்த்தேன். கழுத்து நொந்தது.

விசாரணை முடிந்து உள்ளே போனால் அவருக்கு இரண்டு விதிகள். இளைய நீதிபதி முதலில் பேச வேண்டும், மூத்தவர்கள் பேசிய பிறகு அவர்களை ஒட்டிப் பேசக்கூடாது என்பதற்காக. அது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். மற்றது அவருடையது: நீங்கள் யார் தோற்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அவருடைய வாதத்தை முதலில் அவரே சொல்வதைவிட நன்றாகச் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் தலையாட்டினால்தான் உங்கள் சொந்த அபிப்பிராயத்துக்குப் போகலாம். மேசையில் ஒரு தகரப் பெட்டியில் மேப்பிள் இனிப்பு இருக்கும். முடிவு எட்டும்வரை மூடி திறக்கப்படாது.

தீர்ப்பு எழுதுவதுபற்றியும் அவருக்கு ஒரு பிடிவாதம். “வென்றவர் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் படிப்பார். தோற்றவர் முழுவதையும் படிப்பார், இரண்டு தரம் படிப்பார். அவருக்கு எழுதுங்கள்,” என்பார்.

நான் அங்கே போய் மூன்றாவது வருடம், மதாம் லாரோஷின் கோப்பு வந்தது. இது அவருடைய உண்மைப் பெயர் இல்லை.

எண்பத்தொரு வயது. முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவர். கலியாணம் செய்யவில்லை. இரண்டு தரம் அடுப்பை அணைக்க மறந்திருக்கிறார், ஒரு தரம் பனியில் வழி தவறியிருக்கிறார். பயந்துபோன தம்பியின் மகன் நீதிமன்றம் போக, அவருக்குத் தன் காரியங்களைப் பார்க்கும் ஆற்றல் இல்லை என்று தீர்ப்பாகி, அந்த மகனே பாதுகாவலர் ஆனான். அவன் கெட்டவன் இல்லை. கோப்பு முழுக்க அவன் எழுதிய கடிதங்கள், அத்தையின் காலணியில் பனி வழுக்காத அடி போட வேண்டும் என்பதுவரை. ஆனால் தீர்ப்பின் பிரதி சட்டப்படி பாதுகாவலர் கைக்குப் போனது. அவன் அத்தையிடம், “எல்லாம் முடிந்தது, இனிக் கவலை வேண்டாம்,” என்று சொல்லி முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டான். மேன்முறையீடு என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் எங்களிடம் வந்தபோது ஐந்தாவது மாதம்.

ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று. முன்னரே வர அவருக்கு “இயலாமல் இருந்ததா?” எதிர்த்தரப்பின் எழுத்து வாதம் என் நூலின் 212ஆம் பக்கத்தோடு தொடங்கியது.

கோப்பை எடுத்துக்கொண்டு பெல்மாரின் அறைக்குப் போனேன். “இந்த வழக்கிலிருந்து நான் விலகட்டுமா?” என்று கேட்டேன்.

“அந்த அம்மாவைத் தெரியுமா?”

“இல்லை.”

“தம்பியின் மகனை?”

“இல்லை.”

“வெட்கமாக இருக்கிறதா?”

“கொஞ்சம்.”

“வெட்கம் விலகுவதற்கான காரணங்களின் பட்டியலில் இல்லை,” என்றார். “ஆனால் மறைக்க வேண்டாம். இரு தரப்புக்கும் சொல்லிவிடுவோம்.”

அப்படியே விசாரணை நாளில் மன்றம் கூடியதும் அவர் அறிவித்தார்: இடப்பக்கம் இருக்கும் நீதிபதிதான் மேற்கோள் காட்டப்பட்ட நூலின் ஆசிரியர், யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, அழகாக உடுத்திய இளைஞர், முகம் மலர எழுந்தார். “ஆட்சேபமா? எங்கள் அதிர்ஷ்டம்!”

மதாம் லாரோஷுக்குச் சட்டத்தரணி இல்லை. தானே வாதாட வந்திருந்தார். சின்ன உருவம், பச்சைத் தொப்பி, கழுத்தில் சங்கிலியில் ஒரு பூதக்கண்ணாடி. எழுந்து என்னையே பார்த்தார். “எனக்கும் ஆட்சேபம் இல்லை. நான் அவரைப் பார்க்கத்தான் வந்தேன்,” என்றார். பிறகு கைப்பையிலிருந்து என் நூலை எடுத்து மேசையில் வைத்தார். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

இல்லத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் நடமாடும் நூலகம் வரும். அதில் வந்த பெண்ணிடம் ஒருநாள், தன் நிலைமைபற்றி ஏதாவது சட்டப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். பெரியதாக இருந்ததால் அந்தப் பெண் என் நூலை வருவித்துக் கொடுத்தாள்.

“நான்காம் அத்தியாயத்தில்தான் மேன்முறையீடு என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது,” என்றார் மதாம் லாரோஷ். “அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். ஏழாம் அத்தியாயத்தில் அது எனக்குக் கிடையாது என்று எழுதியிருந்தீர்கள்.”

அங்கியின் கழுத்துப் பட்டிக்கு மேலே என் காது இரண்டும் சுட்டன.

“212ஆம் பக்கம்,” என்று பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வாசித்தார், “கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தொலைபேசி இருக்கும் ஒருவர்... நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எந்தத் தொலைபேசி? நான் முப்பத்தொரு வருடம் தொலைபேசியில் வேலை செய்தவள். எங்கள் இல்லத்தில் தொலைபேசி வரவேற்பு மேசையில் இருக்கிறது. யாரோடு பேசப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். என் பெயருக்குப் பக்கத்தில் மூன்று இலக்கங்கள்தான் எழுதியிருக்கிறார்கள். தம்பியின் மகன், வைத்தியர், பாதிரியார். மற்ற எந்த இலக்கத்துக்கும் இணைப்புத் தர மாட்டார்கள். கையில் கருவி இருப்பதும் இணைப்புக் கிடைப்பதும் ஒன்றா, மதாம்? உங்களுக்கு அது தெரியாவிட்டால் பரவாயில்லை, எனக்குத் தெரியும்.”

சட்டத்தரணி எழுந்தார். கெட்டிக்காரப் பிள்ளை, சரியான இடத்தைப் பிடித்தார். “இன்று இவரை இங்கே காரில் கொண்டுவந்தது யார்?”

“பாதிரியார்.”

“அப்படியானால் முதல் மாதமே பாதிரியாரைக் கூப்பிட்டிருக்கலாமே?”

“கூப்பிட்டு என்ன கேட்பது? கேட்க ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாதே. தெரிந்த பிறகு கூப்பிட்டேன். பாவமன்னிப்புக் கேட்க வேண்டும், காரோடு வாருங்கள் என்றேன்.”

மண்டபத்தின் பின்வரிசையில் பாதிரியார் கையைத் தூக்கி, நான்தான் என்பது போலக் காட்டினார். மேடையில் இருந்த மூவரும் தாள்களைக் குனிந்து பார்த்தோம்.

சட்டத்தரணி விடவில்லை. சட்டம் தெரியாது என்பது சாட்டு ஆகாது என்றார். அதற்கும் என் நூலின் 198ஆம் பக்கத்தைக் காட்டினார். அதுவும் உண்மைதான். வழக்குக் கஷ்டமானது அங்கேதான். அந்த அம்மாவின்மேல் இரக்கப்பட்டு ஒரு வசனம் எழுதினால், நாளைக்கு, எனக்கு யாரும் சொல்லவில்லை என்று வருகிற எல்லாருக்கும் அது பொருந்தும். வென்று வீட்டுக்குப் போனவர்கள் ஆறு மாதமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். கேட்கத்தான் வேண்டும். “மதாம், நான்காம் அத்தியாயம் படித்த பிறகும் ஐந்து கிழமை எடுத்திருக்கிறீர்கள். ஏன்?”

“உங்கள் புத்தகம் அறுநூற்று நாற்பது பக்கம். நான் கண்ணாடி வைத்துப் படிக்கிறவள். ஏழாம் அத்தியாயத்தில் சொன்னதைப் பின்னால் எங்காவது திருத்தியிருப்பீர்கள் என்று கடைசிவரை பார்த்தேன்.” புத்தகத்தை மூடினார். “திருத்தவில்லை.”

இந்த முறை பெல்மாரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு விஷயம் மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். தன் காரியத்தைப் பார்க்கும் ஆற்றல் அறவே இல்லை என்று எழுதப்பட்ட ஒருவர், என் மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் முழுதாகப் படிக்காத நூலை முழுதாகப் படித்துவிட்டு வந்து நிற்கிறார்.

அந்தச் சனிக்கிழமை கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த முதியோர் இல்லத்துக்குப் போய் அந்த வரவேற்பு மேசையை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. அது கூடாது. கோப்பில் இல்லாத எதையும் நீதிபதி தானாகத் தேடிப் பார்க்க முடியாது. சமையலறை மேசையில் 212ஆம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். வழக்குகளைப்பற்றி வீட்டில் கதைப்பதில்லை என்பதால், கணவரிடம் நூலைப்பற்றி மட்டும் சொன்னேன். இந்த வசனம் சரியோ என்று இப்போது யோசனையாக இருக்கிறது என்றேன்.

அவர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர், நிமிரவில்லை. “இதை எழுதேக்கை, நாள் தவற விட்ட ஆக்கள் எத்தினை பேரோட கதைச்சனீர்?”

யோசித்துப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான தீர்ப்புகளைப் படித்திருந்தேன். “ஒருத்தரோடையும் இல்லை.”

“ம்,” என்றார். அவ்வளவுதான். எனக்கு அந்த “ம்” போதுமாக இருந்தது. கோபமும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் வெப்பமூட்டி திருத்துகிறவர், வீட்டுக்குள் போய்ப் பார்க்காமல் பழுது சொல்ல மாட்டார்.

திங்கட்கிழமை நாங்கள் மூவரும் உள்ளே கூடினோம். அங்கே யார் என்ன சொன்னார்கள் என்பதை நான் சாகும்வரை சொல்ல மாட்டேன். துஷ்யந்தியும் கேட்டுப் பார்த்துவிட்டாள். வெளியே எல்லாருக்கும் தெரிந்ததை மட்டும் சொல்லலாம்: இரண்டுக்கு ஒன்று என்று மதாம் லாரோஷுக்கு அனுமதி கிடைத்தது, பெரும்பான்மைத் தீர்ப்பை நான் எழுதினேன்.

முதல் வரைவில் நான் ஒரு தந்திரம் செய்திருந்தேன். நூலில் சொல்லப்பட்டது பொதுவாகச் சரி, சரியாக விளங்கிக்கொண்டால் இப்படியான நிலைமையை அது தொடவில்லை என்று நான்கு பக்கத்துக்குச் சுற்றியிருந்தேன். நல்ல பிரெஞ்சு. பெல்மார் அதைத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு குறிப்பு: “அந்த அம்மாவிடம் பூதக்கண்ணாடி இருக்கிறது.”

நான்கு பக்கத்தையும் கிழித்தேன். பதிலாக இரண்டு வசனம் எழுதினேன். “நூலின் 212ஆம் பக்கத்தில் சொல்லப்பட்டது பிழை. அதை எழுதியவர் நான்.” அதற்குப் பிறகு மற்றது எல்லாம் சுலபமாக வந்தது. ஒருவருக்கு இயலுமா இயலாதா என்பதை அவர் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும், அவர் பேசவும் போகவும் யாருடைய அனுமதி வேண்டியிருந்தது என்று கேட்க வேண்டும், தன் வழியை அறிந்துகொள்ளும் வாய்ப்பே இன்னொருவர் கையில் இருந்தவருக்கு நாள் கணக்கைக் காட்டிக் கதவடைக்க முடியாது என்று எழுதினேன். தோற்ற மனிதனுக்காகவும் இரண்டு பக்கம் எழுதினேன். அத்தையைப் பனியில் தேடி அலைந்த ஒருவன் செய்ததை யாரும் சூழ்ச்சி என்று படிக்கக்கூடாது என்பதற்காக.

எங்களோடு உடன்படாத மூன்றாமவர் தன் மாறுபட்ட தீர்ப்பில் என் நூலை ஆறு இடத்தில் மேற்கோள் காட்டி, அது ஒரு செம்மையான ஆய்வு என்று புகழ்ந்திருந்தார். என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு தாராளமாகப் பாராட்டிய ஆவணம் வேறில்லை. மத்தியானச் சாப்பாட்டில் அவருக்கு நன்றி சொன்னேன். “நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை,” என்றார் பாவம், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மேன்முறையீட்டை வேறு மூவர் கேட்டார்கள். முழுப் பாதுகாவல் நீங்கியது. வீடு சம்பந்தமான பெரிய காரியங்களில் மட்டும் தம்பியின் மகன் துணைக்கு நிற்க வேண்டும், மற்றதெல்லாம் அவர் விருப்பம் என்று தீர்ப்பானது. அவர் அதே இல்லத்திலேயே இருந்துவிட்டார் என்று பிறகு பாதிரியார் சொல்லிக் கேள்விப்பட்டேன். சாப்பாடு பிடித்திருந்ததாம். தன் அறைக்குத் தனியாக ஒரு தொலைபேசி எடுத்துக்கொண்டாராம். முதல் அழைப்புத் தம்பியின் மகனுக்கு, ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போ என்று.

எனக்கு மிச்சமிருந்த சிக்கல் புதன்கிழமை வகுப்பு. மாணவர்கள் எல்லாரும் தீர்ப்பைப் படித்திருந்தார்கள். பரீட்சையில் நூலை எழுதுவதா, தீர்ப்பை எழுதுவதா என்று ஒருவன் கேட்டான். இரண்டையும் படித்துவிட்டு எங்கே பிழை என்று எழுதுங்கள் என்றேன்.

கிட்டத்தட்ட எல்லாரும் நூல் பிழை என்று எழுதினார்கள். அது நானே சொன்னது, அதில் அவர்களுக்கு ஆபத்தில்லை. மிரேய் என்ற ஒருத்தி மட்டும் தீர்ப்பு பிழை என்று எழுதியிருந்தாள். திசை சரி, ஆனால் நான் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன், வழி உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து விண்ணப்பித்தவர் எவ்வளவு விரைவாக நடந்தார் என்பதையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும், அதை நான் ஒரு கேள்வியாகக் கேட்டுவிட்டு விதியாக எழுத மறந்துவிட்டேன் என்று ஆறு பக்கம். படித்து முடித்ததும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல், பிறகு மறுபடி படித்தேன். அந்த வருடத்தின் அதிகூடிய புள்ளியைப் போட்டேன். அவள் பிறகு சட்டத்தரணியாகி, பேர் எடுத்து, நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அதே நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போனாள்.

துஷ்யந்திக்கு இவ்வளவும்தான் அன்று சொன்னேன். “அப்ப கடைசியா எது சரி அன்ரி?” என்று மறுபடியும் கேட்டாள். தீர்ப்புத்தான் என்று சொல்லிவிட்டு, இரண்டாவது வடையை எடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை லா சப்பலில் மரக்கறிக் கடை வரிசையில் நிற்கும்போது கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல். என் பழைய செயலாளர் அனுப்பியிருந்தார். மிரேய் எழுதிய புதுத் தீர்ப்பு. காலம் தவறி வந்த ஒரு வியாபாரியின் விண்ணப்பம் தள்ளுபடி. ஒன்பதாம் பந்தியில் என் தீர்ப்பு எடுத்துக்கொள்ளப்பட்டு, அதன் திசை சரியென்றும், ஆனால் அது தேவைக்கு மிஞ்சி அகலமாக எழுதப்பட்டுவிட்டதென்றும், வழி தெரிந்த நாளிலிருந்து ஆள் எவ்வளவு விரைவாக நடந்தார் என்பதையும் கேட்டுத்தான் இனி அதைப் பொருத்த வேண்டுமென்றும் சொல்லி, மூவரும் ஒருமனதாகக் கையொப்பமிட்டிருந்தார்கள். வெட்டி ஒட்டிய வேலை இல்லை. ஒவ்வொரு படியும் ஒழுங்காகக் கட்டியிருந்தாள். தோற்ற வியாபாரி இரண்டு தரம் படித்தாலும் எங்கே தோற்றேன் என்று அவருக்கு விளங்கும். அங்கேயே நின்று முழுவதையும் படித்தேன். முருங்கைக்காய்க் கட்டு கக்கத்தில் நழுவிக்கொண்டிருந்தது.

“என்ன அக்கா, போனைப் பாத்துச் சிரிக்கிறியள்? நல்ல செய்தியோ?” என்றார் கடைக்காரர் குலம். வாரத்தில் மூன்று நாள் காணும் முகம்.

“ஓம் தம்பி. நான் பிழை விட்டிட்டன் எண்டு எழுதியிருக்கினம்.”

“ஆர்?”

“நான் படிப்பிச்ச பிள்ளை ஒண்டு.”

குலம் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அதுக்கு ஏன் சிரிக்கிறியள்?”

“வடிவா எழுதியிருக்கிறாள்,” என்றேன்.

வரிசையில் பின்னால் நின்ற அம்மா, “அக்கா, கொஞ்சம் முன்னுக்குப் போங்கோ,” என்றார். போனேன்.